நெத்தலியோடு காய்ந்த கடவுச்சீட்டுகள்

1

சுவிஸில் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில், விடுமுறை முடிந்து வருகிற எவரும் படம் காட்டாமல் தப்ப முடியாது. காலைத் தேநீர் இடைவேளையில் போனை மேசை நடுவில் வைத்துவிட வேண்டும். மற்றவர்கள் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். போர்த்துக்கல்காரி மரியா ஒவ்வொரு வருசமும் அதே கடற்கரையில் அதே குடையின் கீழ் படுத்திருப்பாள். தலைமைச் சமையல்காரர் கொசோவோவில் தான் கட்டுகிற வீட்டைக் காட்டுவார். அந்த வீட்டுக்கு வருசத்துக்கு ஒரு மாடி கூடும். அதில் இருக்கத்தான் இதுவரை ஒருவரும் இல்லை.

போன ஆவணியில் மட்டக்களப்புக்குப் போய் வந்த பிறகு என் முறை வந்தது. நான் ஒரு படம்தான் காட்டினேன். கல்லடிக் கடற்கரை மணலில் விரித்த வலையில் நெத்தலி காய்கிறது. நெத்தலிகளுக்கு நடுவே மூன்று சிவப்புக் கடவுச்சீட்டுகளும் ஒரு கறுநீலக் கடவுச்சீட்டும், வயிறு பிளந்த கருவாடு மாதிரி விரிந்து கிடக்கின்றன.

"இது என்ன சாப்பாடு?" என்று கேட்டார் தலைமைச் சமையல்காரர்.

"சாப்பாடு இல்லை. இது எங்கள் குடும்பச் சுற்றுலா" என்றேன்.

மிச்சத்தையும் சொல்லு என்று எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். நான் தொடங்கினேன். டொச் மொழியில், அதுதான் ஜெர்மனில், ஒரு கரைச்சல் இருக்கிறது. வினைச்சொல்லை வசனத்தின் கடைசியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். தமிழிலும் அப்படித்தானே என்பீர்கள். ஆனால் தமிழில் அது தானாக வந்து கடைசியில் நிற்கும். டொச்சில் நான் அதைத் தேடிப் பிடித்து வருவதற்குள் இடைவேளை முடிந்து, மரியா கோப்பை கழுவத் தொடங்கிவிட்டாள். அதனால் நீங்கள் அங்கே இருந்தபடி வாசிக்க, ஒழுங்காகத் தமிழில் எழுதுகிறேன்.

2

என் தம்பி ராஜுவுக்கு நாற்பத்துமூன்று வயது. சுவிஸில் எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிச நடையில், ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தான். வேலை ஒரு சீஸ் தொழிற்சாலையின் நிலவறையில். தட்டில் அடுக்கியிருக்கிற வண்டிச்சில்லு அளவான சீஸ்களை இறக்கி, உப்புத்தண்ணியில் துடைத்து, மறுபக்கம் திருப்பித் திரும்பவும் தட்டில் வைப்பான். அடுத்த நாள் அடுத்த தட்டு. பகலில் அவன் கதைப்பதெல்லாம் சீஸோடுதான்.

"சீஸுக்கு வயசு போகப்போக விலை கூடும். மாப்பிள்ளைக்கு வயசு போனா?" என்பது என் கணவர் சிவத்தின் நகைச்சுவை. அவர் யாழ்ப்பாணத்து மனிசர். ஒரு பகிடியைக் கண்டுபிடித்தால் பத்து வருசம் பாவிப்பார்.

எனக்கும் சிவத்துக்கும் மகள் நிலாவுக்கும் சுவிஸ் குடியுரிமை கிடைத்துவிட்டது. ராஜு இரண்டு தரம் விண்ணப்பித்தான், இரண்டு தரமும் இல்லை என்றுவிட்டார்கள். நேர்முகத்தில் ஊர்ப் பெரியவர்கள் வரிசையாக இருந்துகொண்டு, எந்தச் சங்கத்தில் அங்கத்தவர், ஊருக்குப் பின்னால் தெரிகிற மலைக்கு என்ன பெயர் என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்டார்களாம். "நித்திரை கொள்ளுவன்" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஊரே ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் செய்கிறது. ஆனால் கேட்டால் மலை ஏறுவதாகச் சொல்ல வேண்டும். சீஸைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் முழுப் புள்ளியும் எடுத்திருப்பான். அதை மட்டும் கேட்கவில்லை.

ஆகவே நாங்கள் நாலு பேரும் ஊருக்குப் போகையில் மூன்று பேர் சிவப்புக் கடவுச்சீட்டோடும், ராஜு இலங்கைக் கடவுச்சீட்டோடும் போனோம்.

ஊரில் எங்களுக்கு மூத்தவள் யோகம் அக்கா. கல்லடியில் இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகு அவளுக்கு இரண்டு வேலைகள். ஒன்று முற்றத்துக் கோழிகள். மற்றது கலியாணம் ஆகாத ஆட்களைக் கண்டால் ஆக்கிவைப்பது. நாங்கள் புறப்படுவதற்கு முதல் கிழமை போன் எடுத்தாள்.

"இஞ்ச பார்கா, நீங்க வந்து ஊரச் சுத்திப் பாக்கப் போறீங்க. வான் பிடிச்சிரிக்கன். இடம் காட்ட ஒரு புள்ளையும் வருது. சுகந்தி எண்டு பேர், அத்தான்ட பக்கத்துச் சொந்தம். செட்டிபாளையம். கெவர்மென்ட் வேல."

"அக்கா, நான் கல்லடியில பிறந்தவள். எனக்குக் கல்லடியைக் காட்ட ஆள் வேணுமா?"

"உனக்கில்ல. தம்பிக்கு."

"அவனும் கல்லடியிலதானே பிறந்தவன்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது. "உன்ன எப்படித்தான் சுவிஸ்காரன் வேலைக்கு வச்சிரிக்கானோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சிவத்துக்குச் சொன்னேன். சிவம் ராஜுவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். சொன்னால் வரமாட்டான். நிலாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, அதுகளுக்குத் தங்களுக்குத் தேவையில்லாதது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

3

சுற்றுலா நாள் காலை எட்டு மணிக்கு அக்காவின் வாசலில் வெள்ளை வான் வந்து நின்றது. சாரதி நிஸார், காத்தான்குடிப் பொடியன். எங்களுக்கென்று தன் உம்மா கொடுத்துவிட்டதாக ஒரு பெட்டி மஸ்கற் இனிப்புக் கொண்டுவந்திருந்தான்.

சிவம் வான் ஏறுமுன் ஒரு சின்ன உரை நிகழ்த்தினார். வெளிநாட்டில் எந்த நேரமும் கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்று சுவிஸ் அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் அவர் வாசித்திருக்கிறார்.

"இது வெளிநாடா?" என்று கேட்டேன்.

"நீர் உம்மட வாயைப் பொத்தும். சட்டம் சட்டம்தான்" என்று சொல்லி, நாலு கடவுச்சீட்டையும் ராஜுவின் இடுப்புப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டார். "ராஜு, இண்டைக்கு இது உம்மட பொறுப்பு."

அப்போது ஒரு ஸ்கூட்டி வந்து மதிலோடு நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றினால் சுகந்தி. முப்பத்தெட்டு வயது இருக்கும். வெயிலில் கறுத்த முகம், பின்னிக் கட்டிய முடி, சுடிதார், காலில் சேறு படிந்து வெளிறிய சப்பாத்து. வெல்லாவெளிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறாள். அங்கத்தைய வயல் வட்டைகள் எல்லாம் சுற்றித் திரிகிற வேலை.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "சாறி உடுத்திக்கு வரச் சொன்னனே புள்ள."

"ஆத்துல போட்டுல போற எண்டுதானே சொன்னீங்க? சாறியோட எப்படிப் போட்டுல ஏறுற யோகக்கா?"

மட்டக்களப்பு ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். சிவம் உடனே, அது ஆறு இல்லை, கடல்நீரேரி என்று புவியியல் படிப்பிக்கத் தொடங்கினார். சுகந்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம் அண்ணன், ஆனா இஞ்ச அதுக்கு ஆறு எண்டாத்தான் விளங்கும்" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

முதலில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போனோம். வெள்ளையாக உயர்ந்து நின்றது. படம் எடுத்தோம். பிறகு கோட்டைக்குப் போனோம். ஒல்லாந்தர் கட்டிய மதில், பீரங்கி. அதையும் படம் எடுத்தோம். அரசாங்கக் கந்தோர்கள் அதற்குள்தான் இருந்தன; ஊரில் இருந்த காலத்தில் ஏதாவது கடிதத்துக்குக் கையெழுத்து வாங்கத்தான் அதற்குள் போவோம். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதென்று எனக்குத் தோன்றியதே இல்லை. சுவிஸில் வந்து கந்தோர் கந்தோராகக் கதிரையில் குந்தியிருந்து பழகிய பிறகு ஒன்று சொல்லலாம்: ஒல்லாந்தர் கட்டிய கந்தோரில் காற்றாவது வரும்.

இவ்வளவு நேரமும் ராஜு சுகந்தியோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பான். ஒன்று "வணக்கம்". மற்றது "ஓம்". அவள் பீரங்கியைக் காட்டி ஏதோ சொன்னபோது, சீஸைப் பார்க்கிற மாதிரி பீரங்கியைத் தட்டிப் பார்த்தான். அக்கா எனக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்தாள்.

கோட்டையில் இருந்து படகுத்துறைக்குப் போகிற வழியில்தான் நிலா வாய் திறந்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் டொச்சில் பதில் சொல்வாள். இந்தப் பயணத்துக்கென்று தமிழ் கதைப்பதாகத் தீர்மானம் எடுத்திருந்தாள். வானின் பின் சீற்றில் இருந்து சுகந்தியின் தோளைத் தட்டினாள்.

"அன்ரி, உங்களுக்கு எங்கட மாமாவப் பிடிச்சிருக்கா?"

"ஏன் மகள் கேக்கிறீங்க?"

"நாங்க உங்கள மாமாவுக்கு வாங்க வந்தனாங்க."

அவள் சொல்ல நினைத்தது கட்டிவைக்க. ஆனால் அந்தச் சொல் வரவில்லை. கடைக்குப் போகையில் நான் சொல்கிற சொல்தான் கைக்கு அகப்பட்டிருக்கிறது.

நிஸார் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ்" என்று மெல்லமாகச் சொல்லி, றேடியோவைக் கூட்டினான். ராஜுவின் கழுத்தில் இருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறியது. அக்கா யன்னலுக்கு வெளியே கல்லடிப் பாலத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகந்தி திரும்பி நிலாவைப் பார்த்தாள். கோபம் இல்லை. "வாங்கிற சாமானெண்டா வடிவாப் பாத்துத்தானே வாங்கோணும்? பாருங்க மகள். பல்லும் பாக்கிறதா?" என்று பல்லைக் காட்டினாள்.

நிலா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வானில் இருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அந்தப் பிள்ளை சொன்னதில் பிழையே இல்லை. நாங்கள் செய்துகொண்டிருந்தது அதுதான்.

4

படகு சின்னது, மேலே கூரை போட்டது. எல்லாருக்கும் செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். அக்கா, சாறி கசங்கும் என்று போடமாட்டன் என்றுவிட்டாள்.

படகுக்காரர் நடு வாவியில் எஞ்சினை நிறுத்தி, மீன் பாடுகிற கதையைச் சொன்னார். பூரணை இரவில் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்குமாம். சிவம் பட்டப்பகலில் துடுப்பை வாங்கிக் காதில் வைத்தார்.

"என்ன கேக்குது?" என்றேன்.

"ஒரு சத்தம் கேக்குது. உம்மட அக்கா கதைக்கிறா."

உண்மைதான். அக்கா சீற்றில் இருந்தபடி என்னை முறைத்து முறைத்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். ராஜு படகின் முன்பக்கம் தனியாக இருந்தான். சுகந்தி நடுவில், நிலாவோடு. வானில் நடந்த பிறகு ராஜுவையும் சுகந்தியையும் பக்கத்துப் பக்கத்தில் இருத்தாவிட்டால் நாள் வீண் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. படகு கண்டல் மரங்களின் ஓரமாகத் திரும்பிய நேரம் அவள் எழும்பினாள்.

"சுகந்தி, இஞ்சால வெயில் அடிக்கி. நீ போய் முன்னுக்கு இரி. நான் இஞ்ச…"

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா கூரைக் கம்பியை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், கம்பி அகப்படவில்லை. சாறியோடும் கைப்பையோடும் ஆற்றுக்குள் விழுந்தாள்.

"ஐயோ நான் சாகப்போறன்! ராஜு! தம்பி!"

ராஜுவுக்கு நீந்தத் தெரியாது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தும் அவன் அதைப் பழகவில்லை. ஆனால் அக்காவின் சத்தம் கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் குதித்தான். அதை நான் கண்ணால் கண்டேன். அவன் முகத்தில் பயம் இருந்தது, அப்படியே பயத்தோடு குதித்தான்.

உயிர்காப்பு அங்கி அவனைத் தூக்கி மல்லாக்கப் போட்டது. புரட்டிப் போட்ட ஆமை மாதிரி கையும் காலும் மேலே ஆட, சுழன்றுகொண்டிருந்தான். அக்கா தலையை உள்ளே வெளியே எடுத்து ஓலமிட்டுக்கொண்டிருந்தாள். சுகந்தி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, படகு ஓரத்தில் இருந்து மெல்ல இறங்கினாள். எழும்பி நின்றாள். தண்ணி அவள் இடுப்புக்கு வந்தது.

"யோகக்கா, எழும்பி நில்லுங்க."

"சாகப்போறன்கா!"

"எழும்பி நிண்டுட்டு மறுகா சாகுங்க."

அக்கா எழும்பி நின்றாள். சுகந்தி ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ராஜுவின் அங்கியைப் பின்கழுத்தில் பிடித்து இழுத்து வந்தாள். படகுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் எஞ்சின் பக்கம் குனிந்துவிட்டார்.

ராஜு ஏறி இருந்து தண்ணி வடிய வடிய மூச்சு வாங்கினான். சிவம் அவன் தோளைத் தட்டப் போனவர், இடுப்பைப் பார்த்தார். அவர் கை அப்படியே நின்றது.

"பாஸ்போட்!"

5

மூன்று நாளில் எங்களுக்கு விமானம். கடற்கரைக்குப் போனால் காற்றிலும் வெயிலிலும் கெதியாகக் காயும் என்று நிஸார் சொன்னான். கல்லடிக் கடற்கரையில் ஒரு அம்மா வலை விரித்து நெத்தலி காயவைத்துக்கொண்டிருந்தா. கொஞ்சம் இடம் தருவீங்களா என்று கேட்டேன். நாலு கடவுச்சீட்டையும் விரித்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "இதுக்கு உப்புப் போட்டாச்சா?" என்று கேட்டா.

"ஆத்துத் தண்ணியில ஊறினதுதான்."

"அப்ப கெட்டுப்போகாது" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தா.

எனக்குக் காகம் கலைக்கிற வேலை. சுவிஸ் சமஷ்டியின் சொத்துக்கு நான் செருப்போடு காவல் இருந்தேன். நிலா பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுப் படம் எடுத்தாள். சிவம் தூரத்தில் நின்று கொழும்பில் யாருக்கோ போன் எடுத்துக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா நனைந்த சாறியோடு வானுக்குள் இருந்து மஸ்கற் சாப்பிட்டாள்.

ராஜுவும் சுகந்தியும் எனக்குப் பின்னால், இழுத்துப் போட்டிருந்த தோணியின் நிழலில் இருந்தார்கள். நான் கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. காற்று என் பக்கம் அடித்தது.

"இது பொம்பிளை பாக்கிற வேல எண்டு உங்களுக்கு முதலே தெரியுமா?" என்று சுகந்தி கேட்டாள்.

"நிலா வானுக்குள்ள சொல்லக்குள்ளதான் தெரியும். சத்தியமா."

"எனக்கு நேத்தே தெரியும்."

"அப்ப ஏன் வந்தீங்க?"

"ஆள் எப்படி எண்டு பாக்க வந்தன். நீங்க மட்டும்தான் பாக்கிறதா?"

"முதல்ல ஒருத்தர் இருந்தார், லண்டன். நாலு வரிசம் போனில கதைச்சம். பேப்பர் சரிவரட்டும் எண்டுக்கு இருந்தார். பேப்பர் சரிவந்துது, மறுகா ஆளக் காணல்ல. அதுக்குப் பிறகு நான் ஒரு முடிவெடுத்தன். ஒருத்தர்ட பேப்பருக்கும் காத்துக்கு இருக்கிறல்ல. டொச் படிச்சு சோதனை எழுதித்தான் அங்க வரலாமெண்டா, எனக்கு அது வேணாம். எனக்கு இஞ்ச வேல இரிக்கி. அம்மா இரிக்கிறா. ஆராவது இஞ்ச வந்து இருக்கிறதெண்டாச் சொல்லட்டும், யோசிக்கலாம். அங்க வாங்க எண்டா, இந்தப் பேச்சு இதோட சரி. உங்களில ஒரு கோவமும் இல்ல."

நான் ஒரு காகத்தைக் கலைத்தேன். ராஜுவுக்கு இப்படி இல்லை என்று சொன்ன பெண் வீட்டார் பலர். எல்லாரும் எங்கள் மூலம்தான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை.

"அங்க உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று அவள் கேட்டாள்.

ராஜு நெடுநேரம் யோசித்தான். "பஸ் நேரத்துக்கு வரும்."

"வேற?"

கடல் இரைந்தது. சிவம் தூரத்தில் "ஹலோ, ஹலோ" என்றார்.

"வேற… யோசிச்சுச் சொல்றன்" என்றான் ராஜு.

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. "நல்லா யோசிங்க. ஆனா ஒண்டு. நீந்தத் தெரியாம அக்காவுக்காகக் குதிச்சீங்களே, அது எனக்குப் பிடிச்சிருந்துது. மோட்டு வேலதான்."

6

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது சிவப்புக் கடவுச்சீட்டுகள் அப்பளம் மாதிரி முறுகியிருந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. ராஜுவுடையதிலும் பெரிய பழுது இல்லை, கொஞ்சம் ஈரம்தான். நான் குளித்துவிட்டு வந்தபோது குசினிப் பக்கம் ஒரு நாற்றம் வந்தது. பிளாஸ்ரிக் எரிகிற நாற்றம்.

அக்கா மேசையில் துணி விரித்து, ராஜுவின் கடவுச்சீட்டுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

"ஈரம் இரிக்கெண்டு சொன்னீங்களே."

எடுத்துப் பார்த்தேன். படம் இருந்த பக்கம் உருகிச் சுருண்டு, ராஜுவின் முகம் இருந்த இடத்தில் ஒரு மண்ணிறக் கறை மட்டும் இருந்தது. சிவம் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். "இதை வச்சுக்கொண்டு இவன் கட்டுநாயக்கா எயர்போட்டில நாய்க்கூண்டுக்குள்ளயும் போகேலாது."

"ஆருக்குத் தெரியும் அது உருகுமெண்டு?" என்றாள் அக்கா. மற்ற மூன்று கடவுச்சீட்டும் அவளுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அவற்றில் அயன் படவில்லை. நான் அவளைப் பார்த்தேன். அவள் கோழிக்கு அரிசி போடப் போய்விட்டாள். ஏன் அவனுடையதற்கு மட்டும் அயன் என்று கேட்டால், இன்றுவரைக்கும் கோழிக் கதைதான் சொல்வாள்.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம். ராஜு புதுக் கடவுச்சீட்டுக்காக நின்றான். பொலிசில் முறைப்பாடு, கிராம சேவகரிடம் கடிதம், படம், விரலடையாளம் என்று அலைச்சல். அவனுக்கு ஒரு கந்தோரும் தெரியாது. சுகந்தி லீவு கிடைக்கிற நாட்களில் அவனை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் ஓட, இவன் தலைக்கவசத்தோடு பின்னால். செட்டிபாளையத்தில் இருந்து கல்லடி வரைக்கும் அதைக் காணாத ஆள் இல்லை என்று அக்கா பெருமையாகச் சொன்னாள்.

ஒருநாள் நான் வேலைக்குப் போகிற ட்ராமில் இருக்கையில் அவன் எடுத்தான்.

"சின்னக்கா, ரிக்கற் மாத்தித் தாறம், எந்தத் திகதிக்கு வேணுமெண்டு கேக்கிறாங்க."

"பாஸ்போட் வந்திட்டா?"

"வந்து ஒரு கிழமை."

"அப்ப ஒரு திகதியச் சொல்லன்."

"அதுதான் சின்னக்கா… ஒண்டும் வாயில வருதில்ல."

நான் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

7

ராஜு ஐப்பசியில் சுவிஸுக்கு வந்தான், சொல்லிவிட்டு ஊருக்கே திரும்பிப் போக. தொழிற்சாலையில் மேலாளர், சம்பளம் காணாதா என்று கேட்டாராம். இல்லை, கலியாணம் என்று சொன்னானாம். அப்படியென்றால் மனைவியைக் கூப்பிடலாமே என்றிருக்கிறார். "அவவுக்கு நேரமில்லை" என்று சொல்லியிருக்கிறான். அந்த மேலாளர் இன்னும் அதை யோசித்துக்கொண்டிருப்பார்.

சிவம் ஒரு மாதம் அவனோடு நேரே கதைக்கவில்லை. என்னூடாகத்தான் சண்டை பிடித்தார். "இருபது வருசம் பனிக்குள்ள நிண்டு எடுத்த வதிவிட உரிமையை ஒருத்தன் தூக்கி எறிவானே? அங்க போய் என்ன செய்யப்போறான், நெல்லுக்கு உப்புத்தண்ணி துடைக்கப்போறானே? நீரெல்லோ அக்கா, நீர் சொல்லும்." நான் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் இல்லை, காணியும் இல்லை. சுகந்தியின் சம்பளம் ஒன்றுதான். பிழைத்துப்போனால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும். விண்ணப்பித்தால் வதிவிட உரிமையைக் கொஞ்ச வருசம் தொங்கலில் வைத்திருக்கலாம் என்று கந்தோரில் சொன்னார்கள். சிவம் பத்திரங்களை எல்லாம் தானே நிரப்பிக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் வைத்தார். ராஜு வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். அன்றைக்குத்தான் சிவம் அவனோடு கதைத்தார். "கவனமாப் போம்" என்று மட்டும்.

தை மாதம் செட்டிபாளையத்தில் கலியாணம். எங்களுக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை. சமையலறையில் வேலை நேரத்தில் போன் பார்க்கக் கூடாது. நான் மரக்கறி வைக்கிற குளிர் அறைக்குள் புகுந்து, கரட் பெட்டி மேல் இருந்து, என் தம்பி தாலி கட்டுவதைப் பார்த்தேன். மூக்கு உறைந்தது. சுகந்தி சாறி உடுத்திருந்தாள். அங்கே போன் அக்காவின் கையில், பாதி நேரம் அவள் முகம்தான் திரை முழுக்க. மரியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நான் அழுகிறேன் என்று நினைத்து, ஒன்றும் கேட்காமல் தன் மேலங்கியைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவள் நினைத்தது சரி.

இப்போது அவன் போன் எடுத்தால் பாதிக்குப் பாதி தோல்விக் கதைகள்தான். வயலில் இறங்கி முதல் கிழமையே காய்ச்சலில் படுத்தான். பிறகு எருமைப்பாலில் சீஸ் செய்யப் பார்த்தான். வாரக்கணக்காக வைத்துத் துடைத்துத் திருப்பி, கடைசியில் வெட்டியபோது மாமியார் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவன் இல்லாத நேரம் பார்த்து அதைத் தென்னைக்கு அடியில் குழி தோண்டித் தாட்டுவிட்டா. திரும்பவும் செய்கிறான். இந்தமுறை நாறாமல் இருக்கிறதாம். வாழைச்சேனைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கொஞ்சம் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். திரும்ப வாங்குவார்களா என்று தெரியவில்லை.

நேற்றும் எடுத்தான். பின்னால் மழைச் சத்தம், சுகந்தி யாரோ விவசாயியோடு போனில் உரத்துப் பறைகிற சத்தம். சிவத்தைச் சுகம் கேட்டான், நிலாவைக் கேட்டான். பிறகு வெகு சாதாரணமாக, பஸ் எப்ப வரும் என்று கேட்கிற மாதிரி, "சின்னக்கா, நீங்க எப்ப வாறீங்க?" என்றான்.

ஊரில் இருந்து எடுக்கிற எல்லாரும் கேட்கிற கேள்விதான். இருபது வருசமாக அது எனக்கும் ராஜுவுக்கும் சேர்ந்து வந்த கேள்வி. போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். இப்போது அவன் அந்தப் பக்கம் நின்று கேட்கிறான். எனக்குப் பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை.

"அடுப்பில கறி கருகுது, வைக்கிறன்" என்று சொல்லி வைத்தேன்.

அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை.